உலக ஒப்பந்தம் நெல்லைச் சீமையில் நடைமுறையாவது எப்படி? ஆள்கடத்தல் சட்டங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே இந்தச் சீமையின் ஆட்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்க்கொண்டிருக்கிறார்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தை நம்பித் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தலைமுறைக்குப் பின், வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் கோயம்புத்தூர், திருப்பூர் மில்களுக்கும் போகும் தலைமுறைகள் வந்துவிட்டன. வேலைக்குப் போவதில் தவறில்லை. போகிறவரை ஏமாற்றி, கடனில் கட்டி, திரும்ப முடியாதபடி வைத்துச் சுரண்டுவதே குற்றம். அந்தக் குற்றத்துக்கு எதிராக உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் நம் நாட்டுச் சட்டத்தில் எவ்வளவு இறங்கியிருக்கின்றன, அவை நம் தாலுகாவில் எப்படி வேலை செய்கின்றன என்று சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் பெற்றோரும் மாணவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன.

கேள்வி: பாலெர்மோ நெறிமுறை என்று எல்லோரும் குறிப்பிடுவது எது?

2000 நவம்பர் 15 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டு, அடுத்த மாதம் இத்தாலியின் பாலெர்மோ நகரில் நாடுகளின் கையெழுத்துக்கு வைத்த ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறை அது. 2003 டிசம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2002இல் கையெழுத்திட்டு, 2011 மே மாதத்தில் முறைப்படி ஏற்றுக்கொண்டது.

ஆள்கடத்தல் என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு வரையறையை முதன்முதலாகத் தந்தது இந்த நெறிமுறைதான். அந்த வரையறைக்கு மூன்று கூறுகள் உண்டு. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். மிரட்டல், பலவந்தம், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், ஒருவருடைய கையறு நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல், அவர்மீது அதிகாரம் உள்ளவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குதல் போன்ற ஒரு வழிமுறை கையாளப்பட்டிருக்க வேண்டும். சுரண்டும் நோக்கம் இருக்க வேண்டும். ஆனால் 18 வயது நிரம்பாதவராக இருந்தால் வழிமுறையை நிரூபிக்கத் தேவையில்லை. செயலும் நோக்கமும் இருந்தாலே குற்றம் முழுமையாகிவிடும்.

இந்த நெறிமுறை தனியாகப் பிறந்ததன்று. நாடு கடந்த அமைப்புசார் குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் துணை ஆவணமாகவே அது எழுதப்பட்டது. எனவே குற்றவாளியைத் தண்டிப்பது பற்றிய அதன் 5ஆம் உறுப்பு, ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்றியே ஆக வேண்டும் என்று கட்டளையாகப் பேசுகிறது. பாதிக்கப்பட்டவருக்குத் தங்குமிடம், மருத்துவம், வேலை ஆகியவற்றைப் பேசும் 6ஆம் உறுப்போ, பொருத்தமான இடங்களில், உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, பரிசீலிக்க வேண்டும் என்று தளர்ந்த குரலில் பேசுகிறது. தண்டனைக்கு இறுக்கம், பாதுகாப்புக்குத் தளர்வு என்னும் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே நம் நாட்டுச் சட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. கீழே வரும் பல பதில்களில் இதன் விளைவைக் காணலாம்.

கேள்வி: இந்தியா ஏற்றுக்கொண்டுவிட்டது என்றால், அந்த நெறிமுறையின் கீழேயே காவல் நிலையத்தில் வழக்குப் பதியலாமா?

முடியாது. சில நாடுகளில் அரசு ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் நேரடியாகவே சட்டமாகிவிடும். இந்தியாவில் நாடாளுமன்றம் அதற்கென ஒரு சட்டம் இயற்றினால்தான், அல்லது இருக்கும் சட்டத்தைத் திருத்தினால்தான் அது காவலரையும் நீதிபதியையும் கட்டுப்படுத்தும். அப்படிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 253ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. பன்னாட்டுச் சட்டத்தின்மீதும் ஒப்பந்தக் கடமைகளின்மீதும் மதிப்பை வளர்க்க அரசு முயல வேண்டும் என்று 51ஆம் உறுப்பு சொல்கிறது.

ஆனால் சட்டம் வரும்வரை ஒப்பந்தம் வெறும் காகிதம் என்று நினைத்துவிடக் கூடாது. விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம், உள்நாட்டுச் சட்டம் இல்லாத இடத்தில், அடிப்படை உரிமைகளுக்கு முரண்படாத பன்னாட்டு ஒப்பந்தத்தை அந்த உரிமைகளுக்குள் சேர்த்துப் படிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுத் தாக்கல் செய்யும் வழக்கறிஞர் நெறிமுறையைத் துணைக்கு அழைக்க இந்தத் தீர்ப்பே வழி.

கேள்வி: அப்படியானால் எந்தச் சட்டம் அதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தது?

நெறிமுறை பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, அரசமைப்பின் 23ஆம் உறுப்பு மனித வாணிபத்தையும் கூலியில்லாக் கட்டாய வேலையையும் தடைசெய்துவிட்டது. அது அரசுக்கு எதிராக மட்டும் செல்லுபடியாகும் உரிமையன்று. ஒரு செங்கல் சூளை முதலாளிக்கு எதிராகவும் செல்லும். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வறுமையும் பசியும் ஒருவரைத் தள்ளுவதும் ஒருவகைக் கட்டாயமே என்று ஒப்புக்கொண்ட அந்தத் தீர்ப்பு, இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஒன்று.

நெறிமுறையின் வரையறை தண்டனைச் சட்டத்துக்குள் வந்தது 2013இல்தான். நீதிபதி வர்மா குழுவின் பரிந்துரைக்குப் பின் வந்த திருத்தத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு புதிதாக எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவாக இருக்கிறது. ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டுகள், ஒருவருக்கு மேற்பட்டோரைக் கடத்தினால் 10 ஆண்டுகள் முதல் ஆயுள், ஒரு குழந்தையைக் கடத்தினாலும் 10 ஆண்டுகள் முதல் ஆயுள் என்று தண்டனை கடுமையாகவே இருக்கிறது. உடந்தையாக இருந்தவர் அரசு ஊழியராகவோ காவலராகவோ இருந்தால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை.

தண்டனையில் குறையில்லை; குறை வரையறையில் இருக்கிறது. நெறிமுறை கட்டாய உழைப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 143ஆம் பிரிவோ உடல்ரீதியான சுரண்டல், பாலியல் சுரண்டல், அடிமைமுறை, அதை ஒத்த வழக்கங்கள், பிச்சையெடுக்க வைத்தல், உறுப்புகளைப் பலவந்தமாக எடுத்தல் என்று அடுக்கிக்கொண்டு போய், கட்டாய உழைப்பு என்ற சொல்லை விட்டுவிடுகிறது. நெறிமுறையில் உள்ள கையறு நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் என்ற வழிமுறையும் நம் பிரிவில் இல்லை. குழந்தையாக இருந்தால் வழிமுறையை நிரூபிக்க வேண்டாம் என்ற மிக முக்கியமான விதிவிலக்கும் தெளிவாக எழுதப்படவில்லை. கடத்தி வரப்பட்டவரைத் தெரிந்தே பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துபவருக்கு 144ஆம் பிரிவு தனித் தண்டனை தருகிறது. தெரிந்தே வேலை வாங்குபவருக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சட்டவிரோதமாக வேலை செய்ய வைப்பதற்கான 146ஆம் பிரிவில் உச்சத் தண்டனையே ஓராண்டுதான். நெல்லைச் சீமையிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் உழைப்புக்காகவே கொண்டுபோகப்படுகிறார்கள் என்பதால், இந்த இடைவெளி நமக்கு ஏட்டளவு விவகாரமாக இல்லை.

கேள்வி: ஆள்கடத்தல் என்றாலே பாலியல் தொழிலுக்குப் பெண்களைக் கொண்டுபோவதுதானே?

அந்த எண்ணத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1950இல் நியூயார்க்கில் கையெழுத்தான ஐ.நா. உடன்படிக்கை அதை மட்டுமே பேசியது; அதைப் பின்பற்றியே இந்தியா 1956இல் பெண்கள் தொடர்பான ஒழுக்கக்கேடான வாணிபத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1986இல் திருத்தப்பட்டு அது இன்றும் இருக்கிறது. மாவட்டங்களில் உள்ள ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுகளின் கவனம் பல காலம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. தன் விருப்பத்தில் தொழில் செய்யும் வயதுவந்த பெண்ணைக் கைது செய்வதோ துன்புறுத்துவதோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் வழிகாட்டுதல் வழங்கியிருக்கிறது. கடத்தப்பட்டவரைக் காப்பாற்றுவதும் தொழில் செய்பவரைத் துரத்துவதும் வேறு வேறு வேலைகள்.

கேள்வி: எங்கள் ஊரில் குடும்பத்தோடு முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போவது காலங்காலமாக நடப்பது. இதைப் போய் ஆள்கடத்தல் என்கிறீர்களே?

முன்பணம் வாங்குவது குற்றமன்று. அந்தப் பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதே குற்றம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் இதை மிகத் தெளிவாக எழுதியிருக்கிறது. வாங்கிய கடனுக்கு ஈடாக ஒருவர் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க வேண்டியிருந்தால், அல்லது வேறு இடத்தில் வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்திருந்தால், அல்லது விரும்பிய இடத்துக்குப் போய்வரும் சுதந்திரத்தை இழந்திருந்தால், அல்லது தன் உழைப்பையோ தான் உண்டாக்கிய பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்திருந்தால் அது கொத்தடிமைத்தனம். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். சங்கிலியும் பூட்டும் தேவையில்லை. தாய் இறந்த செய்தி வந்தும், பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு நீ மட்டும் போய்வா என்று மேஸ்திரி சொன்னால், அந்தக் குடும்பத்தின் நடமாட்டச் சுதந்திரம் பிணையாகிவிட்டது என்றே சட்டம் கருதும்.

கொடுத்தது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர்மீதே சுமத்துகிறது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையே 6ஆம் பிரிவு அழித்துவிடுகிறது. விசாரணைக்கு வரும் அலுவலர், எவ்வளவு வாங்கினாய், எவ்வளவு பாக்கி, அதைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தொழிலாளியிடம் கேட்டால், சட்டத்துக்கு நேர் எதிரான கேள்வியைக் கேட்கிறார் என்று பொருள்.

இந்தச் சட்டத்தின் உயிர் ஒரு காகிதத்தில் இருக்கிறது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்து வழங்கும் விடுதலைச் சான்றிதழ்தான் அது. திருநெல்வேலி மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் இருக்கின்றன. அந்தக் காகிதம் இருந்தால் கடன் ஒழிந்தது. உடனடி உதவியும் மறுவாழ்வு உதவியும் கேட்கலாம். அது இல்லாவிட்டால் மீட்கப்பட்ட குடும்பம் வெறும் ஓடிவந்த குடும்பம்; மேஸ்திரி மறுநாள் வாசலில் வந்து நிற்பார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29ஆம் கட்டாய உழைப்பு ஒப்பந்தத்தை இந்தியா 1954இலேயே ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்புக்கு இந்த மண்ணில் பொருள் இருக்கிறதா என்பதை, கோட்டாட்சியர் சூளையிலேயே நின்று, முதலாளியின் ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தொழிலாளியையும் தனித்தனியாக, அவருக்குத் தெரிந்த மொழியில் விசாரித்தாரா இல்லையா என்பதே முடிவு செய்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். நம் பிள்ளைகளுக்கு வெளியூரில் எந்த நியாயம் வேண்டுமோ, அந்த நியாயத்தையே நம் ஊருக்கு வந்தவருக்கும் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்கள்.

கொத்தடிமைச் சட்டத்தில் உச்சத் தண்டனை 3 ஆண்டுகள் மட்டுமே. ஆசை காட்டியோ ஏமாற்றியோ சுரண்டும் நோக்கத்துடன் கூட்டிவந்திருந்தால் 143ஆம் பிரிவையும் சேர்த்தே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். பல வழக்குகள் அந்தப் பிரிவு சேர்க்கப்படாததாலேயே கூலித் தகராறாகச் சுருங்கிவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மில் வேலைக்குப் போன பெண்பிள்ளைகள், முறுக்குக் கம்பெனிக்குப் போன பையன்கள் விஷயமும் இதில் வருமா?

வயதையும் உண்மைகளையும் பொறுத்தது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், 3 ஆண்டுகள் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லித் தென்மாவட்டப் பெண்கள் ஏராளமாகக் கூட்டிச் செல்லப்பட்டார்கள். தொகை உறுதி, விடுதி, வேலை ஆகியவற்றில் எதுவும் தனியாகக் குற்றமாகாது. மாதக் கூலியில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்து, இடையில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குத் திரும்பினால் அத்தனையும் போய்விடும் என்ற நிலையில் வைத்து, விடுதிக்கு வெளியே போகவோ வீட்டாரோடு தனியாகப் பேசவோ விடாமல் செய்தால், மேலே சொன்ன கொத்தடிமை வரையறையோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

முறுக்குக் கம்பெனிச் சிறுவர்கள் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. பெற்றோரிடம் சில ஆயிரம் கொடுத்துவிட்டு வடமாநிலங்களுக்குக் கொண்டுபோய், விடியலுக்கு முன்பே எழுப்பி எண்ணெய்ச் சட்டியின் முன் நிறுத்துவது தென்மாவட்டங்கள் நன்கு அறிந்த கொடுமை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 14 வயதுக்கு உட்பட்டவரை, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற விதிவிலக்குகள் தவிர, எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவரைக் கொத்தடிமையாக வைத்திருப்பதையும் அவர் சம்பாத்தியத்தைப் பிடித்துவைப்பதையும் சிறார் நீதிச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தண்டிக்கிறது. குழந்தையை விற்பதையும் வாங்குவதையும் 81ஆம் பிரிவு தண்டிக்கிறது. 143ஆம் பிரிவில் குழந்தைகளுக்கான விதிவிலக்கு தெளிவாக இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டுபவை இவைதாம். மீட்கப்பட்ட சிறுவனை உடனே பெற்றோரிடம் ஒப்படைத்து அனுப்பிவிடுவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தி, வீட்டின் நிலையை விசாரித்த பிறகே அனுப்ப வேண்டும். முன்பணம் வாங்கிய வீடே அவனை மறுபடியும் அனுப்பக்கூடும்.

கேள்வி: அவரே சம்மதித்துத்தானே போனார்? எழுதிக் கொடுத்தும் இருக்கிறாரே?

ஏமாற்றியும் மிரட்டியும் ஆசை காட்டியும் பெற்ற சம்மதம் பொருட்டன்று என்று நெறிமுறையும் சொல்கிறது, 143ஆம் பிரிவின் விளக்கமும் சொல்கிறது. முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருந்தாலும் அதுவே.

கேள்வி: வெளிநாட்டில் கணினி வேலை என்று கூட்டிப்போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கிறார்களே, அதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி அழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்கோ, கம்போடியாவுக்கோ, லாவோசுக்கோ கொண்டுபோய், கடவுச்சீட்டைப் பறித்து, வெளிநாட்டினரை ஏமாற்றும் வேலையில் உட்காரவைப்பது 2022 முதல் தமிழ்நாட்டில் வெளிச்சத்துக்கு வந்தது. மறுத்தவர்களுக்கு அடியும் மின் அதிர்ச்சியும் கிடைத்தன என்று மீண்டவர்கள் சொன்னார்கள். 2025 மார்ச்சில் மட்டும் மியான்மர் எல்லைப் பகுதியிலிருந்து 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அரசு அழைத்து வந்தது.

இதில் நம் பழைய பாதுகாப்பு ஏற்பாட்டின் ஓட்டை தெரிகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பத்தாம் வகுப்பு முடிக்காத உழைப்பாளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பொறியியல் படித்த வள்ளியூர் இளைஞருக்கு அந்த அனுமதி தேவைப்படுவதில்லை. கம்போடியாவும் லாவோசும் மியான்மரும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவர் சுற்றுலா விசாவில் விமானம் ஏறினால் எந்த மேசையிலும் அவர் பெயர் பதிவாகாது. படித்தவர் ஏமாறமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட சட்டம், படித்தவரைக் குறிவைக்கும் கும்பலின் முன் நிற்கிறது.

இருந்தாலும் அந்தச் சட்டத்தில் நாம் பற்றிக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் எவரும் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்ற முகவரும் தன் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம். உரிமம் இருக்கிறதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்ன கணத்திலேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து என்பதால், அதைப் பிடுங்கிவைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பகுதிகளிலிருந்து வளைகுடாப் படகுகளில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் மேற்சொன்னவை அனைத்தும் பொருந்தும். பெருந்தொற்றுக் காலத்தில் ஈரானில் சிக்கிக்கொண்டு தவித்த தமிழக மீனவர்களை இந்தக் கரை மறந்திருக்காது. ஒப்பந்தம் யார் பெயரில், எந்த மொழியில், கூலியா பங்கா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

கேள்வி: பணம் கொடுத்துக் கள்ளத்தோணியில் வெளிநாடு போவதும் ஆள்கடத்தல்தானா?

அது வேறு குற்றம். பாலெர்மோவில் அதற்குத் தனி நெறிமுறையே உண்டு. எல்லை தாண்டியதும் தரகருக்கும் பயணிக்கும் உள்ள உறவு முடிந்துவிட்டால் அது சட்டவிரோதக் குடிபெயர்வு. கரையிறங்கிய பிறகும் கடனைக் காட்டிச் சுரண்டல் தொடர்ந்தால் ஆள்கடத்தல். ஆள்கடத்தலுக்கு எல்லை தாண்ட வேண்டும் என்ற கட்டாயமே நம் சட்டத்தில் இல்லை.

கேள்வி: அடி உதை எல்லாம் கம்போடியாவில் நடந்தது. திருநெல்வேலியில் எப்படி வழக்குப் போடுவது?

சுரண்டும் நோக்கத்துடன் ஏமாற்றி ஆளைச் சேர்ப்பதே 143ஆம் பிரிவின்படி முழுமையான குற்றம். அந்தச் செயல் ஜங்ஷன் அருகே ஓர் அலுவலகத்திலோ, உங்கள் வீட்டுத் திண்ணையிலோ நடந்திருந்தால் குற்றம் நடந்த இடம் திருநெல்வேலிதான். முற்றிலும் வெளிநாட்டில் நடந்த குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவே, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 208ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி தேவை. வேறு எல்லைக்குட்பட்ட குற்றம் என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பவும் முடியாது. அதே சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி எந்த நிலையமும் தகவலைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். பல மாநிலங்களில் பரவிய கும்பலாக இருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் தேசியப் புலனாய்வு முகமையும் ஆள்கடத்தல் வழக்கை எடுக்கலாம். ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை தரகரின் கைபேசி எண், பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸ்அப் குரல் பதிவு, விமானச் சீட்டு ஆகியவற்றைக் குடும்பத்தார் அழியாமல் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: அங்கே என் மகனை மிரட்டி மோசடி செய்ய வைத்தார்கள். திரும்பி வந்தால் அவனையே கைது செய்வார்களா?

இது பெற்றோரை இரவில் தூங்கவிடாத கேள்வி. கட்டாயத்தின்பேரில் செய்த சட்டவிரோதச் செயலுக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்காமல் விட அதிகாரிகளுக்கு உரிமை இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29ஆம் ஒப்பந்தத்துக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. இந்தியா அந்த நெறிமுறையை ஏற்கவில்லை. பாலெர்மோ நெறிமுறையிலும் அப்படி ஒரு வெளிப்படையான விதி இல்லை. நம் சட்டத்தில் இருப்பது, உயிருக்கு உடனடி ஆபத்து என்ற அச்சத்தில் செய்த செயலுக்கான பழைய விலக்கு ஒன்றே; மாதக்கணக்கில் அடைத்துவைத்து அடித்து வேலை வாங்கிய நிலைக்கு அது போதாது. ஆகவே மகன் வந்திறங்கியதும் தான் எப்படிச் சேர்க்கப்பட்டான், எப்படி வைக்கப்பட்டான் என்பதை வழக்கறிஞர் துணையோடு விரிவாக எழுதிக் கொடுப்பதும், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதிவு செய்யக் கோருவதும் நல்லது. முதலில் பாதிக்கப்பட்டவராகப் பதிவாகிறவருக்கும், முதலில் சந்தேக நபராகப் பதிவாகிறவருக்கும் அதன் பிறகு நடக்கும் விசாரணையே வேறாகிவிடும். தண்டிக்காமை விதியை நாடாளுமன்றம் வெளிப்படையாக எழுத வேண்டும். இதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டிய விஷயமாக நான் கருதவில்லை.

கேள்வி: கூட்டிப்போனவர் சொந்தக்காரர், எனக்குச் சித்தப்பா முறை. புகார் கொடுத்தால் குடும்பத்தில் பகை வராதா?

வரலாம். பெரும்பாலும் ஆளைச் சேர்ப்பவர் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை; ஊர்க்காரராக, சாதிக்காரராக, கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருபவராகவே இருக்கிறார். அவருக்கும் மேலே இருக்கும் கும்பல் அந்த உறவைத்தான் விலைக்கு வாங்குகிறது. சித்தப்பாவுக்கு உண்மை தெரியாமல் இருந்திருந்தால் விசாரணையில் அவர் சாட்சியாகவும் ஆகலாம். தெரிந்தே செய்திருந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கொண்டுபோவார். மிரட்டல் வந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து நாடு முழுவதும் கட்டாயமாக்கியது.

கேள்வி: மீண்டு வந்தவருக்கு அரசு என்ன தருகிறது?

இங்கேதான் முன்னே சொன்ன ஏற்றத்தாழ்வு வலிக்கிறது. கொத்தடிமைகள் மறுவாழ்வுக்கான மத்தியத் திட்டத்தில் மீட்கப்பட்ட உடனே 30,000 ரூபாய் வரை உதவி கிடைக்கும். அதன் பின் வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு 3 லட்சம் என்று வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் இந்தப் பெருந்தொகை, குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும், சாட்சி பிறழ்வார், சூளை முதலாளி விடுதலையாவார். அரசுத் தரப்பு வழக்கில் தோற்றால் அதற்கான விலையைத் தொழிலாளி கொடுக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்தவரிடம், உங்களை அடித்தவருக்குத் தண்டனை வந்த பிறகு மருந்து தருகிறோம் என்று எவரும் சொல்வதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

அதுவரை இன்னொரு வழி உண்டு. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவின்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். குற்றவாளி அகப்படாத வழக்கிலும் கேட்கலாம். இடைக்கால நிவாரணமும் கோரலாம். இந்த உரிமையைப் பற்றி மீட்கப்பட்டவரிடம் ஒருவரும் சொல்லாததாலேயே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இத்தனை சட்டங்கள் சிதறிக் கிடப்பதற்குப் பதில் ஒரே சட்டம் கொண்டுவரலாமே?

முயன்றார்கள். 2018 ஜூலையில் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2021இல் வேறொரு வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது, அது சட்டமாகவில்லை. எனக்குத் தண்டனையை இன்னும் கூட்டும் புதிய சட்டத்தில் ஆர்வமில்லை. கட்டாய உழைப்பை வெளிப்படையாகச் சேர்ப்பது, குழந்தைகளுக்கான விதிவிலக்கு, தண்டிக்காமை விதி, தண்டனையோடு முடிச்சுப் போடாத மறுவாழ்வு ஆகிய நான்கும் வந்தால், இருக்கும் சட்டங்களைக் கொண்டே நெல்லைச் சீமையில் நிறையச் செய்யலாம்.

கேள்வி: இப்போது எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முதலில் யாரிடம் போவது?

ஆபத்து உடனடியாக இருந்தால் 112. குழந்தையாக இருந்தால் 1098, பெண்ணாக இருந்தால் 181, இணைய மோசடியில் பணம் போயிருந்தால் 1930. இலவச வழக்கறிஞர் வேண்டுமானால் 15100 எண்ணில் கேட்கலாம், அல்லது பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்கு நேரில் போகலாம். கொத்தடிமை விவகாரம் என்றால் கோட்டாட்சியருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். திங்கட்கிழமைகளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுக்கலாம். வெளிநாட்டில் சிக்கியவருக்காக வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்னும் இணையதளத்தில் பதிவு செய்து, மாநில அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் எழுத வேண்டும். மனுவில் சிக்கியவரின் பெயர், கடவுச்சீட்டு எண், கடைசியாகப் பேசிய நாள், அவர் அனுப்பிய இருப்பிடக் குறி, கூட்டிப்போனவர் விவரம் ஆகியவை இருக்கட்டும். சிக்கியவரின் கைபேசி அவரைப் பிடித்துவைத்தவர் கையில் இருக்கலாம் என்பதால், புகார் கொடுத்த செய்தியை அந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டாம்.